சுண்ணாம்புக் கோட்டைத் தாண்டிய கூஜா

நான் வாழ்நாளில் சொன்ன பொய்களில் ஒன்றை மட்டும் அரசாங்கம் முறைப்படி எழுதி வைத்துக்கொண்டது. அப்போது எனக்கு எட்டு வயது இருக்கும். அந்தப் பொய்யால் நான் கெட்டுப்போகவில்லை, நன்றாகத்தான் வாழ்ந்தேன். இத்தனை வருடம் கழித்து இதை எழுத உட்கார்ந்ததற்கும் அதுதான் காரணம்.

சென்ற மாதம் எங்கள் தொகுதியில் இடைத்தேர்தல் நடந்தது. சட்டமன்ற உறுப்பினர் பதவியை விட்டு விலகிவிட்டார். ஏன் விலகினார் என்பதற்கு ஒவ்வொரு டீக்கடையிலும் ஒரு காரணம் சொன்னார்கள். நான் படித்த பள்ளிக்கூடத்திலேயே எனக்கு ஓட்டு. அதன் இரண்டு பக்கமும் இப்போது கம்பெனி மதில்கள். முன்பு வகுப்பு ஜன்னல் வழியாக ஏரிக்கரை தெரியும். இப்போது கார் உதிரிபாகக் கிடங்கின் நீலத் தகரக் கூரை தெரிகிறது. வரிசையில் எனக்கு முன்னால் கம்பெனிச் சீருடையோடு ஒரு பையன் நின்றிருந்தான்.

“ரிசைன் பண்ணது அவரு, வெயில்ல நிக்கறது நாம. இன்னா நாயம் தாத்தா இது?” என்றான்.

“வூட்டுக்குப் போய்த் தூங்கிட்டு வர்றதுதானே?”

“நைட் ஷிஃப்ட் முடிச்சிட்டு நேரா வரேன். படுத்தா சாயங்காலம்தான் எய்ந்துப்பேன். அப்புறம் ஓட்டு எங்க போடறது?”

உள்ளே மை வைக்கும் மேசையில் ஒரு இளம்பெண் உட்கார்ந்திருந்தார். மை வைத்து முடித்த பிறகும் நான் கையை எடுக்கவில்லை. “முடிஞ்சுது ஐயா, போலாம்” என்றார். வயதால் தடுமாறுகிறேன் என்று நினைத்திருப்பார். வயதும் ஒரு காரணம்தான்.

என் சிறுவயதில் நடந்ததும் ஓர் இடைத்தேர்தல்தான். அன்றைய உறுப்பினரும் ராஜினாமா செய்தவர். அவர் எங்கள் ஊருக்கு ஒருமுறைகூட வந்ததில்லை. அதனால் அவர் போனதும் எங்களுக்குத் தெரியவில்லை. வல்லக்கோட்டைக்குப் போகும் வண்டிப்பாதையில் திடீரென்று கப்பிக் கல் கொட்டினார்கள். பள்ளிக்கூடத்துக்கு வெள்ளை அடித்தார்கள். குளத்தங்கரைக் குழாய்க்குப் புதுக் கைப்பிடி வந்தது. அப்போதுதான் ஊர் விசாரித்தது. பதவியில் இருந்தபோது செய்யாததையெல்லாம் விலகிச் செய்துவிட்டார் என்று ஊர் அவரைப் பாராட்டியது.

இரண்டு வேட்பாளர்கள்தான் எங்கள் ஊரில் பேசப்பட்டவர்கள். ஒருவருடைய சின்னம் கூஜா, மற்றவருடையது சீப்பு. கூஜாவுக்கு எங்கள் ஊர் ஏஜெண்ட் என் மாமா, அதாவது அம்மாவின் அண்ணன். அப்பாவுக்குச் சென்னையில் வேலை, மாதம் ஒருமுறைதான் வருவார். அதனால் எங்கள் வீட்டுக்கு ஆண்துணை, நிர்வாகம், சத்தம் எல்லாம் மாமாதான். சீப்புக்கு ஏஜெண்ட் ஊரின் ஒரே டீக்கடைக்காரர். அவர் தலையில் ஒரு முடிகூடக் கிடையாது.

மாமா தினமும் கடைக்கு எதிரே நின்று ஆரம்பிப்பார். “தலைல ஒண்ணும் காணோம், கைல சீப்பு. இன்னா அண்ணாத்தே, யாருக்கு வாரி வுடப்போறே?”

கடைக்காரர் டீ ஆற்றிக்கொண்டே பதில் சொல்வார். “எங்காளு எனக்கு சீப்பு குடுத்தாரு, நான் பத்திரமா வெச்சிகினு கீறேன். ஒங்காளு ஒனக்கு இன்னா குடுத்துகீறாரு, கூஜா. தூக்கினு நட.”

கூடியிருப்பவர்கள் சிரிப்பார்கள். மாமாவும் சிரித்துவிட்டு அங்கேயே ஒரு டீ குடிப்பார்.

எங்கள் வீட்டில் ஒரு பித்தளைக் கூஜா இருந்தது. அம்மாவுக்குச் சீராக வந்தது. மூடி திருகுவது, வளைந்த பிடி, வயிற்றில் கொடி வேலைப்பாடு. கிருத்திகைக்கு முருகன் கோயிலுக்குப் போகும்போது மட்டும் அதை எடுப்பார். தேர்தல் வந்ததும் மாமா அதை வாங்கிக்கொண்டு போய்ப் பிரசார வண்டியின் முகப்பில் கட்டிவிட்டார். சுற்று வட்டாரமெல்லாம் மாலை போட்டுக்கொண்டு ஊர்வலம் போய்வந்தது அது. குழந்தைகள் நாங்கள் பின்னால் கத்திக்கொண்டு ஓடினோம். எங்கள் வீட்டுக் கூஜா என்பதால் எனக்கு வண்டியின் பின்பலகையில் உட்கார இடம் கிடைத்தது. பிரசாரம் ஓய்ந்த அன்று அம்மா கேட்டு வாங்கித் துலக்கிப் பரணில் வைத்தார். வயிற்றில் மாமா இட்ட குங்குமம் மட்டும் கொடி வேலைப்பாட்டின் பள்ளத்தில் தங்கிவிட்டது.

ஓட்டுக்கு முதல் நாள் மாலை பெட்டிகளோடு லாரி வந்தது. தலைமை அலுவலர், இரண்டு குமாஸ்தாக்கள், ஒரு காவலர், பெண்கள் வரிசைக்கு மை வைக்க ஒரு பெண். அவர் காஞ்சிபுரத்துக்காரர், தாலுகா அலுவலகத்தில் தற்காலிக வேலை. நான் அக்கா என்று கூப்பிட்டேன். அன்று பள்ளிக்கூட வாசலில் மைக் குப்பியைத் துடைத்துக்கொண்டிருந்தவரிடம் போய், எனக்கும் ஒரு பொட்டு வைத்துவிடச் சொல்லிக் கையை நீட்டினேன். “பெரியவனாகி வா, வெக்கிறேன்” என்று சிரித்தார்.

ஆண்கள் நால்வரும் டீக்கடையில் இட்லி சாப்பிட்டார்கள். பெண்பிள்ளை கடையில் உட்கார்ந்து சாப்பிட முடியாது என்று அம்மா வீட்டுக்குக் கூப்பிட்டார். அவர் வந்தார், ஆனால் வாசலிலேயே நின்றார்.

“தப்பா நினைக்காதீங்கக்கா. உங்க அண்ணன் ஏஜெண்ட். ஏஜெண்ட் வீட்டுல நான் சாப்பிடக்கூடாது.”

“அப்ப அந்த ஆம்பளைங்க சாப்புட்றாங்களே, அந்த ஆளும் ஏஜெண்டுதானே?”

“அது அவங்க பாடுக்கா.”

படுக்க மட்டும் இரண்டு வீடு தள்ளி ஒரு கைம்பெண் வீட்டில் இடம் கொடுத்தார்கள். அவர் பகலில் ஒருவேளை மட்டும் சமைப்பவர், இரவு உலை வைக்கவில்லை. இரண்டு கட்சிக்கும் சொந்தமில்லாத சோறு அன்று எங்கள் ஊரில் இல்லை.

அன்றிரவு மாமா மறுநாள் விதிமுறைகளை எங்களுக்கு விளக்கினார். பள்ளிக்கூடத்தைச் சுற்றிச் சுண்ணாம்புத் தூளால் கோடு போட்டிருந்தார்கள். அந்தக் கோட்டுக்குள் கட்சிச் சின்னம் எந்த உருவத்திலும் நுழையக்கூடாது. நுழைந்தால் ஜெயில். நான் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டேன். தெரியாமல் செய்துவிட்டேன் என்று சொல்லிக்கொள்ள இதனால் எனக்கு வழியில்லாமல் போய்விட்டது.

மறுநாள் முற்பகலில் ஓட்டுப் போட்டுவிட்டு வந்த அம்மாவின் முகம் சரியாக இல்லை. “அந்தப் பொண்ணு கை சில்லுன்னு கீதுடா. நேத்துலேர்ந்து ஒண்ணும் சாப்புடல போல” என்றார். பிறகு தனக்குத்தானே, “மோருல இன்னா கட்சி” என்று சொல்லிக்கொண்டு ஒரு சொம்பு மோரில் உப்பும் கறிவேப்பிலையும் போட்டு என்னிடம் கொடுத்தார். “குடுத்துட்டு நிக்காம ஓடியா.” மாட்டுக்குத் தண்ணீர் காட்டப் பின்கட்டுக்குப் போய்விட்டார்.

பரண்மேல் கூஜா இருந்தது.

என்ன நினைத்துச் செய்தேன் என்று இன்றும் எனக்குத் துல்லியமாகத் தெரியும். வரிசையில் நிற்கிற பெண்களெல்லாம் கூஜாவைப் பார்ப்பார்கள், பார்த்துவிட்டு உள்ளே போய் அதிலேயே முத்திரை குத்துவார்கள், மாமா ஜெயிப்பார். யாராவது கேட்டால், இது மோர்ப் பாத்திரம் என்று சொல்லிக்கொள்ளலாம். முக்காலியை இழுத்துப் போட்டு ஏறி, கூஜாவை இறக்கி, மோரை அதில் ஊற்றித் திருகி எடுத்துக்கொண்டு போனேன். வாசலில் காவலர் புங்கமர நிழலில் உட்கார்ந்திருந்தார். “இன்னாடா அது?” என்றார். மோர் என்றேன். “போ போ” என்றார். சுண்ணாம்புக் கோட்டைத் தாண்டினேன். கூஜாவை இரண்டு கையாலும் நெஞ்சுக்கு நேராகத் தூக்கிப் பிடித்துக்கொண்டு, பெண்கள் வரிசை நெடுக, வேண்டுமென்றே மெதுவாக நடந்தேன். மேசைமேல் மைக்குப்பிக்குப் பக்கத்தில் வைத்தேன்.

அக்கா அதைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். அவர் வாயைத் திறப்பதற்குள் டீக்கடைக்காரர் ஏஜெண்ட் பெஞ்சிலிருந்து குதித்துவிட்டார்.

“சார்! சின்னம் உள்ள வந்துடுச்சி சார்! வண்டில கட்டிகினு சுத்தின அதே கூஜா சார், குங்குமம்கூடப் போவல பாரு சார்! ஓட்டை நிறுத்துங்க சார்!”

ஓட்டு நின்றது. தலைமை அலுவலர் மூக்குக்கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு வந்தார். ஏஜெண்ட் பெஞ்சில் மாமா எழுந்து நின்றிருந்தார். மடித்துக் கட்டியிருந்த வேட்டியை அவிழ்த்து இறக்கிவிட்டுக்கொண்டார். புங்கமரத்துக் காவலர் லத்தியோடு ஓடிவந்து என் தோளைப் பிடித்தார்.

“யார் குடுத்து அனுப்பினது? உங்க மாமாவா? உங்க அம்மாவா? சொல்லு” என்றார் தலைமை அலுவலர்.

மாமா என்று சொன்னால் மாமாவுக்கு ஜெயில். அம்மா என்று சொன்னால் அம்மாவுக்கு ஜெயில். நான் என்று சொன்னால் எனக்கு. அந்த அறையில் எங்கள் வீட்டைச் சேராதவர் ஒருவர் இருந்தார்.

“இந்த அக்காதான் கேட்டாங்க” என்றேன். “கூஜாவுல எட்தாடான்னாங்க.”

பொய் போதவில்லை என்று நினைத்துத்தான் இரண்டாவது வாக்கியத்தைச் சேர்த்தேன்.

அக்கா என்னைத் திரும்பிப் பார்த்தார். அவர் முகத்தில் கோபம் வரும் என்று காத்திருந்தேன். வரவில்லை. பிறகு என் தோள்மேல் இருந்த காவலரின் கையைப் பார்த்தார்.

“ஆமா சார்” என்றார். “தாகமா இருந்தது, நான்தான் கேட்டேன். பையன் கைக்கு வந்த பாத்திரத்துல கொண்டாந்துட்டான். அவனை விடுங்க.”

காவலர் கையை எடுத்தார். தலைமை அலுவலர் அதை எழுதினார். டீக்கடை இட்லி சாப்பிட்டிருந்த அதே கையால், வாக்குச்சாவடிப் பெண் அலுவலர் ஒரு தரப்பின் ஏஜெண்ட் வீட்டிலிருந்து உபசாரம் கேட்டுப் பெற்றார் என்று எழுதி, இரண்டு ஏஜெண்டுகளிடமும் கையெழுத்து வாங்கினார். மாமாவும் போட்டார். அக்காவை எழுப்பி வெளியே உட்காரச் சொல்லிவிட்டு, குமாஸ்தா ஒருவரிடம் மைக்குச்சியைக் கொடுத்தார். கூஜாவைக் காவலர் பறிமுதல் செய்து கோட்டுக்கு வெளியே கொண்டுபோனார். மோரை அவரே குடித்தார்.

அத்தோடு முடிந்திருக்கும். ஆனால் பெண்கள் வரிசை நகரவில்லை. குமாஸ்தா குச்சியை நனைத்துக்கொண்டு கையை நீட்டச் சொன்னார். முதலில் நின்ற பெண் கையை முந்தானைக்குள் இழுத்துக்கொண்டார்.

“நீ ஆரு என் கையைப் புடிக்க? அந்தப் பொண்ணக் கூப்புடு.”

“இது கவர்மெண்ட் வேலைம்மா.”

“எதுவானா இருக்கட்டும். கட்னவனே நாலு பேரு எதிர்ல என் கையைப் புடிச்சதில்ல.”

வரிசையே சிரித்தது. பின்னாலிருந்து ஒருத்தி, “ஒரு வாய் மோரு கேட்டா அது குத்தமா? அவங்க இட்லி துன்னாங்களே, அத்த எழுதுனியா நீ?” என்று கேட்டாள். தலைமை அலுவலர் கண்ணாடியை இறக்கிக்கொண்டார். வெயில் ஏற ஏற வரிசை நீண்டது. ஒரு பெண்ணும் கையை நீட்டவில்லை, வீட்டுக்கும் போகவில்லை. கடைசியில் டீக்கடைக்காரரே எழுந்தார். வரிசையில் அவருடைய மனைவியும் நின்றிருந்தார்.

“சார், அந்தப் பொண்ணயே கூப்டுங்க சார். எங்க ஓட்டும் போவுது.”

அக்கா திரும்ப வந்து உட்கார்ந்தார். சாயங்காலம் வரை வரிசையில் வந்த ஒவ்வொரு பெண்ணின் விரலையும் பிடித்து மை வைத்தார். சில பெண்கள் மை காய்ந்த பிறகும் அவர் கையை விடாமல் ஒரு நொடி பிடித்திருந்துவிட்டுப் போனார்கள். எழுதியது எழுதியபடியே இருந்தது.

பெட்டிக்குச் சீல் வைத்த பிறகு அம்மா வந்தார். ஒரு கையில் சொம்பு, இன்னொரு கையில் என் காது. நேரே தலைமை அலுவலரிடம் போகப் புறப்பட்டவரை அக்கா மணிக்கட்டைப் பிடித்து நிறுத்தினார்.

“எம்புள்ள பொய் சொல்லிகீறான்மா. நீ கேக்கவே இல்லியே. சொல்லியுடறேன், வுடு.”

“வேணாங்க்கா. இப்ப மாத்திச் சொன்னா உங்க அண்ணனை இட்டுனு போவாங்க. உங்களையும் கேப்பாங்க. பூத்தை ரத்து பண்ணாலும் பண்ணுவாங்க. அந்தப் பொம்பளைங்க அத்தனை பேரும் மறுபடி வெயில்ல நிக்கணுமா?”

“ஒனக்கு?”

அக்கா கையை நீட்டினார். சொம்பை வாங்கிக்கொண்டார். “இப்ப குடிக்கலாம்க்கா, சீல் வெச்சாச்சு” என்று, நின்றபடியே, மூச்சு விடாமல் முழுவதையும் குடித்தார். கறிவேப்பிலையைக்கூடத் துப்பவில்லை.

கூஜா தோற்றது. சாதாரணமாகத் தோற்கவில்லை, எங்கள் ஊரிலேயே தோற்றது. நான் தூக்கிக்கொண்டு நடந்த நடை யாரையும் அசைக்கவில்லை. மாமா சில நாள் டீக்கடைப் பக்கம் போகவில்லை, பிறகு போனார். ஜெயிலுக்குப் போகாத அந்த மாமாதான் அடுத்த பல வருடங்கள் என் படிப்பைப் பார்த்துக்கொண்டார். அவர் நிலத்து நெல்லில் நான் கல்லூரி முடித்தேன், அரசு உத்தியோகத்துக்குப் போனேன். பல தேர்தல்களில் நானே வாக்குச்சாவடித் தலைமை அலுவலராக உட்கார்ந்தேன். யார் வீட்டு மோரும் குடித்ததில்லை. கண்டிப்பானவர் என்று எனக்குப் பெயர்.

கல்லூரிக்குக் கிளம்பிய அன்றுதான் அம்மா சொன்னார். அந்த அறிக்கை மேலே போனதும் அந்த அக்காவின் தற்காலிக வேலையை நீட்டிக்கவில்லை. பிறகு அவருக்கு அரசு வேலையே கிடைக்கவில்லை. பிள்ளையார்பாளையத்தில் ஜாக்கெட் தைத்துக்கொடுத்துக்கொண்டிருந்தார். அம்மா ஆண்டுக்கு ஒருமுறை துணியை எடுத்துக்கொண்டு அங்கே போய்வந்திருக்கிறார். தைக்க எங்கள் ஊரிலேயே ஆள் இருந்தும் அம்மா ஏன் காஞ்சிபுரம் போகிறார் என்று நான் கேட்டதேயில்லை. “ஒன்னப் பத்திதான் கேக்கும். படிக்கிறானா, படிக்கிறானான்னு” என்றார் அம்மா.

நான் போகவில்லை. காஞ்சிபுரத்தில் ஆறு வருடம் வேலை பார்த்தும் போகவில்லை. முதலில் வெட்கம், பிறகு வேலை, பிறகு இத்தனை நாள் கழித்துப் போய் என்ன சொல்வது என்ற தயக்கம். அம்மா காலமான பிறகு ஒருமுறை அந்தத் தெருவுக்குப் போனேன். வேறு யாரோ குடியிருந்தார்கள். தைக்கிற அம்மாவா, அவங்க போய்ச் சேர்ந்து வருஷமாச்சே என்றார்கள். முன்பே போயிருந்தால் பார்த்திருக்கலாம். இதில் பூசி மெழுக ஒன்றுமில்லை.

ஆனால் வருத்தத்தைவிட நன்றிதான் எனக்கு அதிகம். நான் சாப்பிட்ட சோறு, படித்த படிப்பு, என் பிள்ளைகளின் வாழ்க்கை எல்லாவற்றுக்கும் அடியில், பட்டினியாக இருந்த ஒரு பெண் சொன்ன ஓர் “ஆமா” இருக்கிறது. அதை எனக்குத் தந்துவிட்டு, நான் வீணாகவில்லையே என்று மட்டும் ஆண்டுதோறும் விசாரித்திருக்கிறார். சென்ற மாதம் என் விரலில் மை வைத்த அந்த இளம்பெண்ணிடம், அக்காவுக்குச் சொல்லவேண்டியதைச் சொன்னேன். “ரொம்ப நன்றிம்மா” என்றேன். “எதுக்கு ஐயா?” என்றார். வரிசை பின்னால் நின்றது. நகர்ந்துவிட்டேன்.

எட்டு வயதின் அந்த ஓட்டு நாள் சாயங்காலம், லாரி கிளம்பும் நேரம். அம்மா பிடித்த காது எனக்கு வலித்துக்கொண்டிருந்தது. ஆனாலும் அக்காவின் முகத்தில் கோபம் இல்லை என்பதை நான் கவனித்திருந்தேன். அரசாங்கத்தைச் சேர்ந்தவரே ஆமாம் என்று சொல்லிவிட்டதால் அவர் உண்மையில் கேட்டுத்தான் இருக்க வேண்டும், எனக்குத்தான் மறந்துவிட்டது என்றுகூட நினைக்கத் தொடங்கியிருந்தேன். அதனால் தைரியமாக லாரிக்குப் பக்கத்தில் போனேன். அவர் பின்பலகையில் ஏறி, பெட்டிகளுக்கு நடுவில் உட்கார்ந்திருந்தார்.

“அக்கா, நான் பெரியவனானா நீங்கதானே எனக்கு மை வெப்பீங்க?”

அவர் தன் விரல்களைப் பார்த்துக்கொண்டார். நாள் முழுவதும் குச்சி பிடித்ததில் ஐந்து விரலும் கறுத்துப்போயிருந்தன.

“நான் எங்கடா வரப்போறேன்” என்றார், சிரித்துக்கொண்டே. “வேற யாராவது வெப்பாங்க. நல்லாப் படி.”

லாரி வல்லக்கோட்டைப் பாதையில் புதுக் கப்பியின்மேல் குலுங்கிக்கொண்டு போனது. காஞ்சிபுரம் ரொம்பத் தூரம், அதனால்தான் வரமுடியாது என்கிறார் என்று நினைத்துக்கொண்டு கையை ஆட்டினேன்.